முதல் துண்டு போன நேரம்

லேர்னெஸ் என்றால் களிமண் முனை. எங்கள் மொழி பேசும் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஊரின் பெயரிலேயே எழுதி வைத்திருந்த விஷயத்தை, ஐம்பது பேர் கூடி, வாஃபிள் தின்றுகொண்டே, ஓர் இலையுதிர் காலம் முழுக்க மறந்து தொலைத்தோம். அந்த ஐம்பது பேரில் நானும் ஒருவன். அதனால் தோர்ஃபினை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நான் ஒதுங்கி நிற்க முடியாது. நிற்கப் பார்த்தேன். வெட்கம் விடவில்லை.

தோர்ஃபின் எங்கள் படகுச் சங்கத்தின் தலைவன். நல்ல மனிதன், ஆனால் யாராவது அவனை 'நல்ல மனிதன்' என்று நாளுக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருஷம் மலைக்குப் பின்னால் நெடுஞ்சாலைக்குச் சுரங்கம் குடைந்துகொண்டிருந்தார்கள். வெடித்தெடுத்த கல்லை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஒப்பந்தக்காரர்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, இவன் போய் "எங்க கரையில கொட்டுங்க, படகுத்துறைக்கு அலைத்தடுப்பு கட்டிக்கறோம்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"கல்லு சும்மா வருது. நாம வேண்டாம்னா பக்கத்து ஊர்க்காரன் வாங்கிப்பான், அப்புறம் வாழ்நாள் பூரா அவன் அலைத்தடுப்பைப் பாத்துப் பெருமூச்சு விடணும்," என்றான். பக்கத்து ஊரைச் சொன்ன பிறகு லேர்னெஸ்காரன் எவனாவது யோசிப்பானா?

எங்கள் நாட்டில் ஊர் கூடி இலவசமாக வேலை செய்வதென்றால் ஒரு திருவிழா மாதிரி. வராதவன் முகத்தில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் வராததை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். சனிக்கிழமைதோறும் லாரிகள் வந்து கல்லைக் கொட்டின. நாங்கள் கடப்பாரையோடு நின்று அடுக்கினோம். தோர்ஃபினின் மனைவி குன்வோர் கரையிலேயே மேசை போட்டு வாஃபிள் சுட்டாள். மேலே ஒரு துண்டு பழுப்புச் சீஸ், பக்கத்தில் காபி. கல்சுவர், மலைகளுக்கு நடுவே நீண்டு வரும் கடலான எங்கள் ஃபியோர்டுக்குள் வாரா வாரம் நீண்டுகொண்டே போனது. அனுமதி கேட்க வேண்டிய நகராட்சியில் வேலை பார்த்தவனுக்கும் எங்களிடம் ஒரு படகு இடம் இருந்தது. அவனும் வந்து வாஃபிள் தின்றான்.

"கொட்டி முடிச்சுட்டுக் கேப்போம். கொட்டின கல்லைத் திருப்பி எடுத்துட்டுப் போன்னா சொல்லப் போறாங்க?" என்றான் தோர்ஃபின். அதுவும் எங்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஒட்வார் ஒருவன்தான் கேட்டான். ஒட்வாரின் வீடு படகுத்துறையை ஒட்டி, கரையிலேயே இருந்தது. நாற்பது வருஷம் பயணப் படகில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். பேச்சு குறைவு, ரோஷம் அதிகம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அடியில மண்ணு எப்படி இருக்குன்னு யாராவது குத்திப் பாத்தீங்களா? இவ்வளவு கனத்தைத் தாங்குமா?" என்றான்.

தோர்ஃபின் சிரித்துக்கொண்டே, "ஒட்வார், மண்ணைப் பத்தியா உனக்குக் கவலை? உன் சோபாவுல உக்காந்தா கடல் தெரியாமப் போயிடும்னு நேராச் சொல்லேன். ரெண்டு கல்லைக் குறைச்சு அடுக்கிடறோம்," என்றான்.

எல்லோரும் சிரித்தோம். குன்வோரின் சிரிப்புதான் பெரிது. அவள் சிரித்தால் எதிர்க்கரை வரை கேட்கும் என்று நாங்கள் கேலி செய்வது வழக்கம். ஒட்வார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அவன் மனைவி போர்ஹில்ட், முழங்கால் வலியோடு மெல்ல எழுந்து அவன் பின்னால் போனாள்.

எங்கள் ஊரில் சண்டை என்றால் சத்தம் இருக்காது. கார்கள் எதிரெதிரே வரும்போது கை தூக்குவது நின்றுவிடும், அவ்வளவுதான். குன்வோரும் போர்ஹில்டும் இருபது வருஷமாகப் புதன்கிழமைகளில் சேர்ந்து உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியவர்கள். அதுவும் நின்றது. குளிர்காலம் முழுக்கப் பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமியை ஒட்டிய நாள், கடல் வழக்கத்தைவிட நன்றாகவே உள்வாங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் லேர்னெஸ் முழுக்கத் தூங்கும். தோர்ஃபினுக்கு மட்டும் தூக்கம் வராது; சாப்பிட்ட கையோடு தன் கல்லைப் பார்க்கப் போய்விடுவான். அன்றும் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். குன்வோர் உருளைக்கிழங்கு வெந்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அலைத்தடுப்பு முனையில இருந்த விளக்குக் கம்பத்தைக் காணோம்," என்றான்.

"காணோம்னா? எவனாவது பிடுங்கிட்டுப் போயிட்டானா?"

"கம்பம் மட்டும் இல்ல, குன்வோர். கம்பம் நின்ன இடத்தையும் காணோம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சன்னலுக்குப் போனாள். அலைத்தடுப்பு குட்டையாகியிருந்தது. முனை இருந்த இடத்தில் தண்ணீர் காபி நிறத்தில் கலங்கி, கொதிக்கிற பானை மாதிரி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கலங்கல் ஃபியோர்டின் நடுவை நோக்கி நீண்டு போயிருந்தது. ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. மேலே காக்கை பறப்பது கூடக் கேட்கிற ஊரில், அத்தனை கல் போன சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

"அவசர உதவிக்குப் போன் பண்ணு," என்றாள்.

"கொஞ்சம் அமுங்கியிருக்கு, அவ்வளவுதான். லாரிக்காரனுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில மேல நாலு லோடு போட்டா யாருக்கும் தெரியாது."

"அமுங்கின இடத்துல மறுபடி கல்லா? உனக்குப் புத்தி இருக்கா?"

"சாயங்காலம் தண்ணி ஏறிடும். ஏறிட்டா மண்ணுக்குப் பிடிமானம் வந்துடும். அதுவரைக்கும் பொறு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சைரன் அடிச்சுக்கிட்டு வண்டி வந்தா, ஒட்வார் சன்னல்ல நின்னு வேடிக்கை பாப்பான். அதுக்கு நான் கடல்லயே குதிச்சுடலாம்."

"குதி. ஆனா போன் பண்ணிட்டுக் குதி."

அவன் குதிக்கவும் இல்லை, போன் பண்ணவும் இல்லை. மேசையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல் நகங்களில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டியிருந்தது. குன்வோருக்கு அவன் மேல் கோபம் வந்தது, கூடவே பரிதாபமும் வந்தது. பரிதாபம் வந்ததுதான் வினை.

"ஒட்வார் கிட்டயாவது சொல்லிடறேன். அவங்க வீடுதான் எல்லாத்துக்கும் கிட்ட இருக்கு."

"போ. ஆனா பக்குவமாச் சொல்லு," என்றான் தோர்ஃபின்.

அவள் போனாள். வழி நெடுக வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். 'முனை போயிடுச்சு, போர்ஹில்டை எழுப்பிக் கூட்டிக்கிட்டு மேல வந்துடுங்க.' ஏழு சொல் இருக்குமா? ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கதவைத் தட்டினாள். ஒட்வார் உடனே திறந்தான்.

"குன்வோரா? வா, உள்ள வா. போர்ஹில்ட் மேல படுத்திருக்கா, மெதுவாப் பேசுவோம்."

வாசலில் நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் 'உள்ளே வா' என்று சொன்ன பிறகு வாசலில் நின்று பேசுவது எங்கள் ஊரில் சண்டைக்கு வந்தவர்கள் செய்கிற காரியம். குன்வோர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள், கழற்றி ஓரமாக வைத்தாள், காலுறையோடு உள்ளே போனாள். ஒட்வார் அவளைச் சன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலியில் உட்கார வைத்தான். எதிரே தான் உட்கார்ந்தான். காபி ஏற்கெனவே போட்டுத் தயாராக இருந்தது.

"ரொம்ப நாளாச்சு," என்றான்.

"ஆமா."

"அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் நீ இந்தப் பக்கமே வரல."

"ஆமா."

"ஏதோ சொல்ல வந்திருக்க போல."

"ஆமா... காபி நல்லாருக்கு, ஒட்வார்."

"அவசரம் இல்ல. நிதானமாச் சொல்லு," என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

ஏழு சொல்லில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. 'முனை போயிடுச்சு' என்று சொன்னால், 'நீ அன்று கேட்டது சரி, நாங்கள் சிரித்தது தப்பு, என் புருஷன் ஒரு முட்டாள்' என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். புருஷனைத் தன் சமையலறையில் அவளே ஆயிரம் முறை முட்டாள் என்பாள். அடுத்த வீட்டு மேசையில் வைத்துச் சொல்ல நாக்கு வரவில்லை. எனவே மூன்றில் சுலபமானதைச் சொன்னாள்.

"அன்னிக்குச் சிரிச்சது தப்பு, ஒட்வார். என்னை மன்னிச்சுடு."

"நீ மட்டுமா சிரிச்ச?"

"என் சிரிப்புதான் பெருசாக் கேட்டிருக்கும்."

"கேட்டுது," என்றான் ஒட்வார். அவன் கண் கலங்கியிருந்தது. "இதைக் கேக்கத்தான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு அவள் தோளுக்கு மேலாகச் சன்னலைப் பார்த்து, "தோர்ஃபினும் வருவானா?" என்று கேட்டான்.

குன்வோர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தட்டில் இருந்த கோப்பை தானாகக் குலுங்கியது.

அந்த நேரம் நான் மேல் சாலையில் நாயோடு நடந்துகொண்டிருந்தேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காற்றே இல்லை. துறையில் இருந்த படகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளிப்பக்கம் தலை சாய்த்தன, யாரோ கூப்பிட்ட மாதிரி. துறையில் இருந்த தண்ணீர் வழித்துக்கொண்டு வெளியே போனது. மிச்சம் இருந்த அலைத்தடுப்பு, கார் நிறுத்த நாங்கள் சமப்படுத்திய இடம், மிதக்கும் மேடை, அதில் கட்டியிருந்த என் படகு, எல்லாம் இருந்தன. அடுத்த மூச்சில் இல்லை. ஃபியோர்டின் நடுவில் தண்ணீர் திண்டு போல எழும்பி எதிர்க்கரைக்குப் போய், அங்கே பாறையில் ஏறி, திரும்பி எங்கள் பக்கம் வந்தது. அவசர உதவிக்குப் போன் போட்டு, "லேர்னெஸ்ல..." என்று ஆரம்பித்தேன். இணைப்பு அறுந்துபோனது. ஃபியோர்டின் அடியில் போகிற கேபிள் எங்கேயோ தூரத்தில் அறுந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

கீழே குன்வோர் கோப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கத்தினாள். "முனை முன்னாடியே போயிடுச்சு! அதைச் சொல்லத்தான் வந்தேன்! வெளிய வா, ஒட்வார், வெளிய வா!"

ஒட்வார் மாடிப்படியில் பாய்ந்தான். போர்ஹில்டைப் போர்வையோடு இழுத்துக்கொண்டு இறங்கினான். அவள் முழங்கால் மடங்க மறுத்தது; குன்வோர் ஒரு பக்கம், ஒட்வார் ஒரு பக்கம், மூன்று பேரும் செருப்பில்லாமல் பனியில் மேட்டுக்கு ஏறினார்கள். தோர்ஃபின் வீடு வீடாக ஓடிக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டிக்கொண்டிருந்தான். அதையும் சொல்லிவிட வேண்டும், அவன் அன்று ஓடிய ஓட்டத்தில் பதினோரு பேர் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கரை துண்டு துண்டாக அறுந்தது. ஒரு துண்டு போகும், பச்சை மண் சுவராக நிற்கும், கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு அந்தச் சுவரின் கால் இளகி, சுவரே போகும். ஒட்வாரின் வீடு இடியவில்லை. திரைச்சீலை, கொடிக்கம்பம் எல்லாவற்றோடும் நிமிர்ந்தபடியே நிலத்தின் மேல் உட்கார்ந்து கடலுக்குள் கொஞ்ச தூரம் போனது. பிறகு அதன் அடியில் இருந்த நிலம் உதிர்ந்தது.

யாரும் சாகவில்லை. அதை நாங்கள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம். மூன்று நாள் அங்கேதான் படுத்தோம். ஒருத்தரும் தோர்ஃபினை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் காபி கொடுக்கிற மாதிரி அவனுக்கும் கொடுத்தார்கள், சர்க்கரை வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். எவனாவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இந்த வருஷம் பனி ரொம்ப," என்றான் ஒருவன். "மழையும் ஜாஸ்தி," என்றேன் நான். கல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. நாங்கள் எல்லோரும் அடுக்கிய கல் அது. அவனைத் திட்டினால் அந்தத் திட்டு எங்கள் மேலும் விழும்.

நான்காம் நாள் வில்டே வந்தாள். மண்ணைப் படிக்கிற பொறியாளர், முப்பது வயசு இருக்கும், சிவப்புத் தொப்பி. ஒரு சின்னக் கப்பலில் இரண்டு நாளாக ஃபியோர்டின் அடியை ஒலியால் அளந்துகொண்டிருந்தவள். அளந்ததைப் பெரிய படமாக எடுத்துவந்து, டேபிள் டென்னிஸ் மேசையில் விரித்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். எங்கள் ஃபியோர்டின் அடியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தோம். அம்மணமாகப் பார்த்த மாதிரி கூச்சமாக இருந்தது.

"முதல் துண்டு இங்கதான் போயிருக்கு," என்று விரலை வைத்தாள். "அலைத்தடுப்பு முனைக்குக் கீழ, தண்ணிக்குள்ள. சின்னத் துண்டுதான். இந்தக் களிமண் பழைய கடல் மண். நிலத்தடித் தண்ணி இதுல இருந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக் கழுவிட்டுது. தொடாத வரைக்கும் உறைஞ்ச தயிர் மாதிரி கெட்டியா நிக்கும். ஒரு தட்டு தட்டினா மோராயிடும். மேல கல்லுக் கனம், அன்னிக்குக் கடலும் உள்வாங்கியிருக்கு. வெளியில இருந்து முட்டுக் கொடுக்குற தண்ணியும் இல்ல."

கல் என்ற வார்த்தை வந்ததும் எல்லோரும் படத்தையே உற்றுப் பார்த்தோம்.

"முதல் துண்டு போனதும் அது நின்ன இடத்துல ஒரு செங்குத்துச் சுவர் மிஞ்சும். அதைத் தாங்க முன்னால ஒண்ணும் இல்ல. அது போகும். அதுக்குப் பின்னால இன்னொரு சுவர். பாருங்க, படிப்படியாத் தெரியுது. கடல்ல ஆரம்பிச்சது, பின்னாலயே கடிச்சுக்கிட்டுக் கரைக்கு வந்திருக்கு."

"போன மண்ணெல்லாம் எங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"அதுதான் ஆச்சரியம். கட்டி கட்டியா விழுந்தது, போகப்போக உடைஞ்சு கூழாயிடுது. இங்க பாருங்க, ஃபியோர்டோட அடி கிட்டத்தட்டச் சமதரை. நின்னிருக்கணும். ஆனா நிக்கல. மழை பெய்ஞ்ச ரோட்டுல வேகமாப் போற டயர் தண்ணி மேல ஏறி வழுக்கும் இல்ல? அந்த மாதிரி, கூழோட முன்பக்கம் கொஞ்சம் தண்ணியை அடியில மாட்டிக்கிட்டு வழுக்கிக்கிட்டே போயிருக்கு. வழியில பாதிக் கட்டிகளை அங்கங்க விட்டுட்டு, மெல்லிசான சேறு மட்டும் மேகமாட்டம் இன்னும் தூரம் போய்ப் படிஞ்சிருக்கு. கேபிளை அறுத்தது எட்டு கிலோமீட்டர் தள்ளி."

பிறகு அவள் படத்தில் வளைகுடாவின் அடுத்த பக்கத்தைக் காட்டினாள். அங்கே சிவெர்ட்டின் ஆட்டுக் கொட்டகையும் ஐந்தாறு வீடுகளும் இருந்தன. குட்டி போடுகிற காலம். கொட்டகைக்குள் ஆடுகள் நாலு நாளாகத் தீவனம் இல்லாமல் அடைபட்டுக் கிடந்தன. போலீஸ் யாரையும் விடவில்லை. காற்று இந்தப் பக்கம் வீசும்போது அவை கத்துவது எங்களுக்குக் கேட்டது.

"அந்தக் கரைக்குக் கீழயும் இப்ப இதே மாதிரி ஒரு சுவர் நிக்குது. அதே மண்ணு. எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். கேபிள் அறுந்த நேரம் இருக்கு, அது ரெண்டாவது துண்டு, பெரிய துண்டு. முதல் துண்டு எப்பப் போச்சு? ரெண்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருந்துதுன்னா, படகுல காவல் போட்டு, சிவெர்ட்டை உள்ள விடலாம். கரைக்குக் கீழ அசைவு தெரிஞ்சதும் ஓடி வந்துடலாம். அஞ்சே நிமிஷம்னா விட முடியாது. யாராவது பாத்தீங்களா?"

"எல்லாம் ஒரே அடியாத்தான் போச்சு," என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். முதல் துண்டு என்று ஒன்று இருந்தால், அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் யாரோ எதையோ செய்யாமல் இருந்திருக்கிறார்கள் என்று ஆகும். அது வேண்டாம் என்றுதான் ஆட்டியிருப்பேன்.

வில்டே பெருமூச்சு விட்டாள். "ஒரே அடியான்னா, மன்னிச்சுக்கோங்க சிவெர்ட். ஆடுகளை விட்டுட வேண்டியதுதான்."

சிவெர்ட் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"ஒரே அடி இல்ல," என்றாள் குன்வோர்.

எழுந்து நின்றாள். வேறு யாருடையதோ பேன்ட் போட்டிருந்தாள். காலில் ஆண்கள் செருப்பு. முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. "முனை முன்னாடியே போயிடுச்சு. தோர்ஃபின் வந்து எங்கிட்டச் சொன்னான். நான் ஒட்வார் கிட்டச் சொல்லப் போனேன். சொல்லல. ரெண்டு கப் காபி குடிச்சேன். மன்னிப்புக் கேட்டேன், வேற ஒண்ணுக்காக. எனக்கு வாய் வரல. ரெண்டாவது துண்டு போனப்பத்தான் வந்துது."

"நான் போன் பண்ணினது லாரிக்கு," என்றான் தோர்ஃபின் உட்கார்ந்தபடியே. "மேல கல்லு போட. வேற யாருக்கும் பண்ணல. இவளைத் திட்டாதீங்க."

திட்ட யார் இருந்தார்கள்? எங்கள் தலை எல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

வில்டே மட்டும் சாதாரணமாக, "பரவாயில்ல, நேரத்தைச் சொல்லுங்க. முனை போறதை நீங்க பாத்தீங்களா?" என்று தோர்ஃபினைக் கேட்டாள்.

"இல்ல. நான் போறப்பவே முனையும் இல்ல, அதுல நின்ன விளக்குக் கம்பமும் இல்ல. எப்பப் போச்சுன்னு தெரியாது."

"அப்போ நான் எதை வெச்சுக் கணக்குப் போட? மத்தியானம் அந்தக் கம்பத்தைக் கடைசியா யாராவது பாத்தீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப முக்கியம்."

வெளியே ஆடுகள் கத்தின.

"நான் பாத்தேன்," என்றான் ஒட்வார்.

போர்ஹில்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். எழுந்திருக்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கம்பம் போறதையே பாத்தேன். மெதுவா, நின்னபடியே இறங்கிச்சு. வானொலியில ரெண்டு மணிச் செய்தி ஆரம்பிச்சிருந்துது. குன்வோர் கதவைத் தட்டினப்ப மூணு ஆகியிருக்கும்."

குன்வோர் அவனைப் பார்த்தாள். தான் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததும், தட்டியவுடன் கதவு திறந்ததும், காபி தயாராக இருந்ததும் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்ததை நாங்கள் அவள் முகத்தில் பார்த்தோம்.

"ஒரு மணி நேரம்," என்றாள் வில்டே. "யாருக்கும் போன் பண்ணலையா நீங்க?"

"இல்ல."

"ஏன்?"

"தோர்ஃபினே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். அவன் வாயால கேக்கணும்னு இருந்துது. காபி போட்டு வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருந்தேன்."

வில்டே கேபிள் அறுந்த நேரத்தைப் பார்த்தாள், விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "ஒரு மணி நேரத்துக்கு மேல இடைவெளி இருக்கு. உத்தரவாதம் இல்ல, ஆனா போகலாம். காவல் படகு நிக்கும். ஊதல் சத்தம் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வரணும்," என்று சிவெர்ட்டிடம் சொன்னாள். சிவெர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினான். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

போர்ஹில்ட், குன்வோர் கழற்றிக் கொடுத்திருந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மெதுவாக ஒட்வார் பக்கம் திரும்பினாள். கோபமாகச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நான் மேல தூங்கிக்கிட்டு இருந்தேன், ஒட்வார்."